தரை காய்ந்துதான் இருந்தது

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

நேற்றைய விசாரணையில் மேசையின் தலைப்பக்கம் நீங்கள். உங்கள் வலப்பக்கம் மருத்துவர். எதிரே, கட்டுப்போட்ட காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியபடி, எல்லோரும் ஏணி என்று கூப்பிடும், நான் பயிற்சி கொடுக்கும் கூடைப்பந்து ஆட்டக்காரி. அவளை ஒட்டி அவள் அம்மா. அரங்கத்தைத் துடைக்கும் பெரியவருக்கு நாற்காலி போடவில்லை, கதவோரம் நின்றார். எனக்கு ஜன்னலோரம். காற்றுக்குக் குறைவில்லை.

ஈரத் தரையில் வழுக்கித்தான் அவளுடைய முழங்கால் ஜவ்வு கிழிந்தது என்று முடிவுகட்டி, பெரியவரை வேலையை விட்டு நிறுத்தினீர்கள்.

"ஆட்டத்துக்கு முன்னாடியே தொடச்சு காய விட்டுட்டேங்கய்யா, ஒரு பொட்டு ஈரம் இல்ல" என்றார். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவர் சொன்னது உண்மை.

வெளியே வந்ததும் ஏணியின் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணா, நீங்க இல்லேன்னா இவ இவ்வளவு தூரம் வந்திருப்பாளா? எங்க நேரம், இப்படி ஆயிடுச்சு."

நான் கூடைப்பந்து ஆடிய காலத்தில் என் படம் பேப்பரில் வரும். ஒருநாள் வளையத்தருகே எம்பிப் பந்தைப் பிடித்து, ஒற்றைக் காலில், முட்டி மடங்காமல் இறங்கி, அதே மூச்சில் உடம்பைத் திருப்பினேன். உள்ளே துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அதோடு சரி. அணியிலிருந்து ஒரு பூங்கொத்து வந்தது.

பயிற்சியாளனான பிறகு நான் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே இறங்குவதுதான். இரண்டு காலில், முட்டியை மடக்கி, நாற்காலியில் உட்காருகிற மாதிரி. என்னிடம் பழகிய யாருக்கும் முட்டி போனதில்லை. ஆள் தேறியதும் பெரிய அணிகள் கொத்திக்கொண்டு போய்விடும். போனவர்கள் பேட்டியில் புதுப் பயிற்சியாளரைப் புகழ்வார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை.

ஏணியைக் கேட்டும் ஆள் வந்தார். "சீசன் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறோம் சார். பொண்ணு இறங்குறது அவ்வளவு சுத்தம்."

மறுநாள் அவள் பயிற்சியைக் கொஞ்சம் மாற்றினேன். மற்றவர்கள் கிளம்பும் நேரத்தில், கால் சோர்ந்திருக்கும்போது, எம்பி ஒற்றைக் காலில் இறங்கச் சொன்னேன். முட்டியை மடக்காதே, இறங்கும்போதே திரும்பு என்றேன்.

"சார், இது தப்புன்னு நீங்கதானே சொல்லிக்கொடுத்தீங்க?"

"அது கத்துக்குட்டிங்களுக்கு. நீ இப்ப பெரிய ஆளு."

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. பையை மாட்டிக்கொண்டிருந்த தோழி, "ஏணி, பாத்துடி, கால் ஒடஞ்சிரப்போகுது" என்று கிண்டலடித்தாள்.

"போடி, உனக்குப் பொறாம" என்றாள் இவள்.

சில வாரம் கழித்து முட்டி இழுக்கிறது என்றாள். புதுசாகப் பழகும்போது இழுக்கத்தான் செய்யும் என்றேன். பழக்கம் உடம்பில் ஏறிவிட்டால் பிறகு யாரும் சொல்ல வேண்டியதில்லை. இறுதி ஆட்டத்தில் நான் வாயே திறக்கவில்லை. அவள் எம்பினாள், நான் பழக்கியபடியே இறங்கினாள். அது எனக்குத் தெரிந்த சத்தம். எல்லோருக்கும் முன்னால் ஓடியவன் நான்தான்.

தரையில் கிடந்தபடியே கேட்டாள்: "சார், நான் சரியாத்தானே இறங்கினேன்?"

"ரொம்பச் சரியா" என்றேன்.

ஆகவே, இதைச் செய்தவன் நான். தெரிந்தே செய்தேன். பெரியவரை மீண்டும் வேலைக்குச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஈரத் தரை என்று எழுதிவைத்தால் இத்தனை மாதப் பயிற்சிக்கு என்ன மரியாதை?

என்மேல் என்ன நடவடிக்கை வேண்டுமானாலும் எடுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள். அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு அவளை நடக்கப் பழக்க ஓர் ஆளைத் தேடுவதாக மருத்துவர் சொன்னார். வெளியாள் எதற்கு? அந்த முழங்காலை என்னளவுக்கு அறிந்தவர் யாருமில்லை. என்னிடமே அனுப்புங்கள்.

உறையை ஒட்டி, அவள் வீட்டுக்குப் போகும் வழியில் தபாலில் போட்டுவிடுகிறேன். எனக்காகக் காத்துக்கொண்டிருப்பாள்.