கிணற்றில் போட்ட சுண்ணாம்பு

எனக்கு டீ வேண்டாம், ஒத்துக்கொள்ளாது. நீங்கள் எழுத வந்ததை எழுதிக்கொள்ளுங்கள். ஐம்பத்தொன்பதாம் வருஷம் ஸ்ரீரங்கத்தில் கவுன்சிலர் தேர்தலுக்கு நின்றபோது வீட்டுக்கு வீடு கொடுத்ததைக் குடித்துக் குடித்து வயிறு புண்ணாகிவிட்டது. ஓட்டுக் கேட்பது கேவலமான வேலை. கேட்கிறவனும் பொய் சொல்கிறான், போடுகிறேன் என்கிறவனும் பொய் சொல்கிறான்.

நான் விறகுக்கடைக்காரன். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. நகராட்சி பட்ஜெட்டை ஒரு வாத்தியாரைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். பொதுக்கிணறுகளில் காலராவுக்காகப் போடும் பிளீச்சிங் பவுடருக்கு வருஷா வருஷம் செலவு ஏறிக்கொண்டே போனது. வெள்ளையாக எதையோ கொட்டி ஊரை ஏமாற்றுகிறார்கள் என்று எனக்குப் பட்டது. வீண்செலவை வெட்டுவேன் என்றுதான் ஓட்டுக் கேட்டேன்.

வாயால் சொன்னால் போதாதே. எங்கள் தெருக் கிணற்றுக்குப் பவுடர் போடும் வீரமலையைக் கூப்பிட்டு, நான் ஜெயித்தால் உன் வேலை நிரந்தரம் என்றேன். அவன் பவுடரை என் கடையில் இறக்கிவிட்டு, கிணற்றில் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினான். ஒரு மாதம் கழித்துக் கூட்டம் போட்டு, மூட்டையை மேடையில் வைத்து, பவுடரே போடவில்லையே, யார் செத்துப்போனது என்று கேட்பதாக இருந்தேன்.

இருபதாம் நாள் மழை பிடித்தது. சாக்கடை பொங்கிக் கிணற்றடிக்கு வந்தது. முதலில் வாந்திபேதியில் போனது ஒரு கிழவர். எண்பது வயசு, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள முடியாது. அடுத்து இரண்டு பேர். பவுடரை இரண்டு மடங்கு போடச் சொல்லி உத்தரவு வந்தது. மூட்டையைக் கொடுத்துவிடுங்கள் என்று வீரமலை என் காலைப் பிடித்தான். போட்டால் சாவு நின்றுவிடும். நின்றால் நான் சொன்னது பொய்யாகிவிடும். தேர்தலுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. சுண்ணாம்பையே போடு என்றேன்.

எதிர்வீட்டு ரெங்கம்மாள் குடத்தோடு வந்து நின்றாள். அவள் புருஷனுக்குக் காலையிலிருந்து வயிற்றால் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, உங்களத்தான் நம்பியிருக்கோம். இந்தத் தண்ணியக் குடிக்கலாமுங்களா?"

"குடிம்மா. எங்க வீட்லயும் அதானே குடிக்கிறோம்."

அது பொய் இல்லை. காய்ச்சிக் குடிக்கிறீர்களா என்று அவள் கேட்கவில்லை. மறுநாள் புருஷன் போனான். அதற்கு மறுநாள் அவள். தேர்தலுக்குள் தெருவில் மொத்தம் பதினோரு பேர் போனார்கள்.

அவளைக் கொள்ளிடக்கரைக்குத் தூக்கிப்போன அன்று சாயங்காலமே மேடை ஏறினேன். கிணற்றுக்குப் பவுடர் போடத் துப்பில்லாத நிர்வாகம் என்று பேசினேன். கைதட்டினார்கள். பவுடர் வீண் என்று மூன்று வாரம் முன்னால் நான் பேசியபோதும் இதே ஆட்கள்தான் கைதட்டினார்கள். இந்த ஜனங்களை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது.

ஜெயித்தேன். வீரமலையை வேலையை விட்டு நீக்கத் தீர்மானம் கொண்டுவந்ததும் நான்தான். கிணற்றில் சுண்ணாம்பு போடுகிறவனை எப்படி வைத்துக்கொள்வது? பவுடருக்கு இரண்டு மடங்கு ஒதுக்க வைத்தேன்.

அந்தப் பதினோரு பேரையும் கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். நான் கவுன்சிலரான பிறகு எங்கள் வார்டில் ஒருத்தர்கூடக் காலராவில் சாகவில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.