துண்டு மறைத்த பக்கம்

மருமகள்: அந்த ரூம் மட்டும் வேண்டாம் அத்தை. ஹால்லயே மெத்தை போட்டுத் தரேன்.

மாமியார்: ஏன், பின்ரூம்ல பேய் இருக்கா?

மருமகள்: செடி இருக்கு.

மாமியார்: செடிக்கு ரூம், மாமியாருக்கு ஹாலா? நல்லா இருக்கும்மா உன் நியாயம்.

மருமகள்: ஐயோ, அப்படி இல்ல... நாளைக்கு வரேன்னுதானே போன்ல சொன்னீங்க? ஒரு நாள் முன்னாடியே வந்து நின்னா...

மாமியார்: திரும்பிப் போயிடட்டுமா?

மருமகள்: அத்தை! பெட்டியை விடுங்க, நான் தூக்கறேன்... அம்மாடி! என்ன இது, இந்தக் கனம் கனக்குது? வருஷக் கடைசி லீவு நாலு நாள்தானே?

மாமியார்: குளிருதுன்னு சொன்னியே. போர்வை வச்சேன்.

மருமகள்: மாமாவையும் கூட்டிக்கிட்டு வந்திருக்கலாம்ல?

மாமியார்: அவருக்கு வேலை இருக்கு.

மருமகள்: ரிட்டயர் ஆனவருக்கு என்ன வேலை?

மாமியார்: என்னைப் பார்த்துக் கத்தற வேலை. அதுக்கு மட்டும் ரிட்டயர்மென்ட் கிடையாது.

மருமகள்: சாப்பாட்டுக்கு என்ன பண்ணுவாரு?

மாமியார்: கடையில சாப்பிடட்டும். அங்க தட்டைத் தூக்கி எறிஞ்சா எவன் பொறுக்கறான்னு பார்க்கட்டும்... சரி, அவர் பேச்சு எதுக்கு? செடிக்கு வா. என்ன செடி அது, தனி ரூம் கேக்குது?

மருமகள்: கள்ளி, அத்தை.

மாமியார்: கள்ளியா! வேலியில வைக்கறதை யாராவது வீட்டுக்குள்ள வைப்பாங்களா?

மருமகள்: இது அந்த ஜாதி இல்ல. கள்ளின்னா பாலைவனம்னு நினைக்காதீங்க. இது மழைக் காட்டுல, மரக் கிளை மேல ஒட்டிக்கிட்டு வாழறது. முள்ளே கிடையாது. நாம இலைன்னு நினைக்கறது இலையே இல்ல, தண்டு! தட்டை தட்டையா, ஒண்ணோட நுனியில இன்னொண்ணு கோத்துக்கிட்டே தொங்கும். கடைசித் தண்டோட நுனியிலதான் பூ.

மாமியார்: சரி. அதுக்கும் ரூமுக்கும் என்ன?

மருமகள்: அங்கதான் விஷயமே! அதுக்குக் காலண்டர் தெரியாது. ராத்திரி நீளமாச்சான்னு மட்டும் பார்க்கும். சாயங்காலம் இருட்டினா விடியற வரைக்கும் இருட்டு. கொஞ்சம் குளிர்ச்சி. தினமும் அப்படி, பல வாரம் போகணும். அப்புறம்தான் அதுக்கு நம்பிக்கை வரும், சரி, பூக்கலாம்னு.

மாமியார்: நடுவுல யாராவது லைட் போட்டா?

மருமகள்: ஏமாந்துடும். பகல் இன்னும் முடியலைன்னு நினைச்சுக்கும். போன வருஷம் ஹால்ல வச்சிருந்தேன். டியூப்லைட், டிவி, நாங்க தூங்கற வரைக்கும் வெளிச்சம். ஒரு மொட்டு இல்ல. வெறும் பச்சை. அதான் இந்த வருஷம் பின்ரூம். ராத்திரியில யாரும் போக மாட்டாங்க, லைட்டும் போட மாட்டோம்.

மாமியார்: உங்க மருந்துக் கடையில ஒரு மாத்திரை வாங்கினா, அது பிறந்து வளர்ந்த கதையெல்லாம் சொல்லித்தான் ஆளை அனுப்புவியாமே. இப்ப நம்பறேன்.

மருமகள்: கேட்டா சொல்லணும்ல?

மாமியார்: கேட்டுட்டேன், தப்புதான். மொட்டு வந்துடுச்சா?

மருமகள்: வந்துடுச்சு அத்தை! நுனியில சிவப்பா, அரிசி மாதிரி ஆரம்பிச்சுது. இப்ப நல்லா நீண்டிடுச்சு.

மாமியார்: மொட்டு வந்த பிறகும் இருட்டு வேணுமா?

மருமகள்: அது... வந்து...

மாமியார்: சொல்லு.

மருமகள்: ...வேண்டாம். மொட்டு கட்டிட்டா அப்புறம் லைட்டைப் பத்திக் கவலை இல்ல.

மாமியார்: பார்த்தியா, உனக்குப் பொய் சொல்லவே வரல. அப்போ நான் அங்க படுக்கறேன்.

மருமகள்: நகர்த்தக் கூடாது அத்தை! திருப்பக்கூடக் கூடாது. இடம் மாறினா மொட்டெல்லாம் பொலபொலன்னு கொட்டிடும்.

மாமியார்: நான் என்ன செடி மேலயா படுக்கப் போறேன்? அது மேஜையில, நான் கட்டில்ல.

மருமகள்: கட்டில்... அந்தக் கட்டில் ஆடும்.

மாமியார்: நானும்தான் ஆடறேன்.

மகன்: அம்மா! எப்ப வந்தே? நாளைக்குன்னுல்ல இவ சொன்னா!

மாமியார்: வாடா. ஒருத்தர் விடாம என்னை இதையே கேளுங்க. ஏன் இப்படி வேர்த்துக் கொட்டுது?

மகன்: கார் ஓட்டக் கத்துக் கொடுக்கறவன் வேர்க்காம எப்படிம்மா இருப்பான்? இன்னிக்கு ஒருத்தர் பிரேக்னு சொன்னா ஆக்ஸிலேட்டரை மிதிக்கறாரு. இரு, பின்ரூம்ல சட்டை மாத்திட்டு வந்துடறேன்.

மருமகள்: உங்க சட்டை முன்ரூம்லதானே இருக்கு!

மகன்: இல்லையே, எல்லாம் பின்... ஆமா. முன்ரூம்லதான். போறேன்.

மாமியார்: போ.

மகன்: ...சட்டை இங்க எந்த அலமாரியில?

மருமகள்: இடது பக்கம்!

மாமியார்: அவன் ரூம்ல அவன் சட்டை எங்க இருக்குன்னு அவனுக்குத் தெரியலையா?

மருமகள்: நான்... போன வாரம் மாத்தி அடுக்கினேன்.

மாமியார்: சரி, நான் செடியைப் பார்த்துட்டு வரேன். பார்க்கலாம்ல? பார்த்தா கொட்டாதே?

மருமகள்: அத்தை, ஒரு நிமிஷம், நான் முதல்ல போய்...

மாமியார்: ம்... அழகாத்தான்மா இருக்கு. தொங்கட்டான் மாதிரி. கட்டில்ல என்ன, போர்வை இப்படிச் சுருண்டு கிடக்குது?

மருமகள்: அது... துணி மடிக்கும்போது போட்டது.

மாமியார்: தலையணை ஒண்ணு. படிக்கற கண்ணாடி. தலைமாட்டுல ஒரு டேபிள் லேம்ப். உங்க வீட்டுல துணியெல்லாம் கண்ணாடி போட்டுக்கிட்டுத் தலையணை வச்சுத்தான் மடிப்பீங்களா? சரி விடு. நான் செடியைத்தானே பார்க்க வந்தேன். ஏம்மா, இந்தப் பக்கம் பூரா மொட்டு. நுனி தவறாம இருக்கு. கட்டில் பக்கம் மட்டும் ஏன் மொட்டை அடிச்ச மாதிரி இருக்கு?

மருமகள்: தெரியல அத்தை.

மாமியார்: உனக்கா தெரியாது? மாத்திரைக்கே கதை சொல்றவ! வெளிச்சம் பட்டா பூக்காதுன்னே. அப்போ இந்தப் பக்கம் வெளிச்சம் பட்டிருக்கு. ராத்திரி ராத்திரி. அந்த லேம்ப்லேர்ந்து.

மருமகள்: ...ஆமா.

மாமியார்: இந்த உலகத்துல லைட் போட்டுக்கிட்டுத் தூங்கற ஒரே ஆளை நான்தான் பெத்தேன். எத்தனை நாளா அவன் இங்க படுக்கறான்?

மருமகள்: அத்தை, எனக்கு உங்க முகத்தைப் பார்க்கவே கூசுது.

மாமியார்: அப்போ செடியைப் பார்த்துச் சொல்லு.

மருமகள்: மூணு மாசமா. நாள் பூரா கடையில நின்னுட்டு வந்து படுத்தா, கண்ணுல வெளிச்சம் குத்தும். எனக்கு இருட்டு வேணும், அவருக்கு லைட் வேணும். அவ்வளவுதான்.

மாமியார்: கல்யாணம் ஆன அன்னிக்கும் அவனுக்கு லைட் வேண்டித்தான் இருந்துச்சு. முகத்துல துணியைப் போட்டுக்கிட்டுத் தூங்குவேன்னு நீயே சிரிச்சுச் சொன்னே. இது அது இல்ல.

மகன்: நான் சொல்றேன்மா.

மருமகள்: வேண்டாங்க. நான்தானே செஞ்சேன், நானே சொல்றேன்... அவரோட வேலை பார்க்கறவங்க சாப்பிட வந்திருந்தாங்க அத்தை. வந்த பொம்பளைங்க எல்லாம் அவங்கவங்க வீட்டுக்காரரைப் பத்தி ஏதோ சொல்லிச் சிரிச்சுக்கிட்டு இருந்தாங்க. நானும் சொல்லிட்டேன். இவருக்கு லைட் இல்லன்னா பயம், தூக்கம் வராது, அம்மா மடியை விட்டு இறங்கினதே பெரிசுன்னு.

மாமியார்: ம்.

மருமகள்: எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. இவரும் சிரிச்சாரு. நான் இன்னும் சொன்னேன். நடிச்சுக்கூடக் காட்டினேன் அத்தை, போர்வையை இழுத்துக்கிட்டு...

மகன்: மறுநாள்லேர்ந்து எனக்கு ஆபீஸ்ல ஜீரோ வாட்ஸ்னு பேரு. வண்டி கத்துக்க வர பொண்ணுங்களே, ஜீரோ வாட்ஸ் சார் வந்துட்டாரான்னு கேக்குதுங்க.

மருமகள்: அன்னிக்கு வந்து தலையணையையும் லேம்பையும் எடுத்துக்கிட்டு இங்க வந்துட்டாரு. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும். போய் மன்னிப்பு கேக்கலாம்னு கதவு வரைக்கும் வருவேன்... அடுத்த காலு வராது.

மாமியார்: சரி, ஒண்ணு கேக்கறேன். இருட்டு வேணும்னா சாமான் ரூம் இருக்கு. ஜன்னல்கூட இல்ல. அதை விட்டுட்டு, லைட் போட்டுத் தூங்கறவன் ரூம்ல ஏன் கொண்டு வந்து வச்சே?

மருமகள்: தண்ணி ஊத்தணும்ல... அதுக்கு ஒரு தடவை உள்ள வரலாம்னு...

மாமியார்: தினமும் தண்ணி ஊத்தணுமா இதுக்கு?

மருமகள்: ஐயோ கூடாது அத்தை, வேர் அழுகிடும். மேல் மண்ணு காஞ்சாத்தான் ஊத்தணும்.

மாமியார்: நீ எப்ப எப்ப வந்தே?

மருமகள்: ...தினமும்.

மகன்: தினமுமா? நான் குளிக்கப் போற நேரமாப் பார்த்து நீ வரது, எனக்கு முகம் கொடுக்கப் பிடிக்காமன்னு நினைச்சேன்.

மருமகள்: வந்து மண்ணைத் தொட்டுப் பார்ப்பேன். உங்க போர்வையை மடிப்பேன். போயிடுவேன். இந்த லைட்டால பூக்காதுன்னு எனக்குத் தெரியும். பூக்கலைன்னா பரவாயில்லன்னுதான் வச்சேன். பாதி எப்படிப் பூத்துதுன்னுதான் எனக்கே புரியல.

மாமியார்: இந்த நாற்காலி எப்பவும் இங்கதான் இருக்குமா? லேம்புக்கும் செடிக்கும் நடுவுல?

மருமகள்: அது அவர் பண்ற வேலை. ஈரத் துண்டைக் கொண்டு வந்து அது முதுகுல போடுவாரு. எத்தனை தடவை சொன்னாலும் கொடியில போட மாட்டாரு.

மாமியார்: இது ஈரத் துண்டா? தொட்டுப் பாரு. காஞ்சு மொடமொடன்னு இருக்கு. கனமா இருக்கணும்னு ரெண்டா மடிச்சு வேற போட்டிருக்கு.

மருமகள்: ...ஏங்க?

மகன்: நீதானே சொன்னே, லைட் பட்டா அது ஏமாந்துடும்னு. எனக்கோ லைட் இல்லாமத் தூக்கம் வராது. அணைச்சுப் பார்த்தேன்... முடியல. அதான் துண்டைப் போட்டேன். கட்டில் பக்கம் வரைக்கும் அது எட்டல, துண்டு மறைச்ச பக்கம் மட்டும் பூத்திருக்கு.

மருமகள்: என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? பெரிய துணியாக் கொடுத்திருப்பேனே...

மகன்: என்னன்னு சொல்றது? பயந்தாங்கொள்ளி செடிக்குத் திரை கட்டறேன்னா? அதையும் நீ நடிச்சுக் காட்டிட்டா?

மருமகள்: அப்படிச் சொல்லாதீங்க. செத்துடலாம் போல இருக்கு எனக்கு.

மாமியார்: அட, போதும் நிறுத்துங்க. டேய், தலையணையை எடு. லேம்பையும் எடு. முன்ரூமுக்குப் போ. இனிமே இந்த ரூம் எனக்கு வேணும்.

மகன்: அம்மா, லேம்ப் இங்கயே இருக்கட்டும். நான் இருட்டுலயே பழகிக்கறேன். இந்த வயசுல எனக்கே கேவலமா இருக்கு.

மருமகள்: வேண்டாங்க. நான் முகத்துல துணியைப் போட்டுக்கறேன். முன்னாடி மாதிரி.

மகன்: இல்ல, நான் பயந்தாங்கொள்ளிதானே? ஒத்துக்கறேன். சின்னப் பிள்ளையில லைட்டை அணைச்சா ஊரே கூடற மாதிரி அழுவேனாமே, நீதானேம்மா எல்லார்கிட்டயும் சொல்லுவே?

மாமியார்: சொல்லுவேன்.

மகன்: எனக்கு அழுத ஞாபகமே இல்ல. நீ பக்கத்துல படுத்திருப்பே, லைட் எரியும், அவ்வளவுதான் ஞாபகம்... ஏம்மா, ஏன் கீழ பார்க்கறே?

மருமகள்: அத்தை... பெட்டியில நிஜமா போர்வைதான் இருக்கா?

மாமியார்: நீ இந்த ரூமுக்குள்ள வரதுக்கு ஒரு செடியை வச்சே. நான் ஒரு ரூமுக்குள்ள போகாம இருக்கறதுக்குப் பிள்ளையை வச்சேன். லைட்டை அணைச்சா குழந்தை அழறான், நான் பக்கத்துல இல்லன்னா தூங்க மாட்டேங்கறான்னு சொன்னா, உன் மாமனாரால ஒண்ணும் பேச முடியாது. இவன் ஒரு நாளும் இருட்டுக்கு அழுததில்லம்மா, பயந்தது நான்தான். நான் எரிய விட்ட லைட்டுக்கு இவன் பேரு கெட்டுப் போச்சு. இப்ப அங்க காரணம் சொல்றதுக்குக் குழந்தை இல்ல... அதான், இருந்த துணி எல்லாத்தையும் பெட்டியில போட்டுக்கிட்டு வந்துட்டேன்.