மலர்க்கொடி படிக்கும் பாடத்தை மூடாதீர்!

தள்ளாத வயதிலும் தளராத நெஞ்சோடு இந்தக் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் ஐயா ராமாமிர்தம் அவர்களே! உப்புக்காற்றிலே உரமேறிய முதுநகர்ப் பெரியவர்களே! பரங்கிப்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்திருக்கும் பாசமிக்க பாய்மார்களே! கீரப்பாளையத்து நடவை நாளைக்குத் தள்ளிவைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! மாணவச் செல்வங்களே! துறைமுகத்திலே மூட்டை சுமக்கும் தங்கராசுவின் வணக்கத்தை ஏற்றுக்கொள்ளுங்கள்.

நான் கல்லூரி வாசலை மிதித்தவன் அல்ல. படித்ததெல்லாம் படிப்பகத்து நாளேடு. ஆனாலும் ஒரு கல்லூரிப் பாடத்துக்காக இன்று கொதித்துப்போய் நிற்கிறேன்.

சிதம்பரத்துப் பக்கம் ஒரு கல்லூரி. பெயரைச் சொல்லி அதற்குப் பெருமை சேர்க்கமாட்டேன். அங்கே இளங்கலை வகுப்பிலே சர்வதேச உறவு என்று ஒரு பாடம். எந்த நாடு எந்த நாட்டோடு என்ன ஒப்பந்தம் போட்டது, ஒரு நாடு துரத்திவிட்டவனுக்கு இன்னொரு நாட்டிலே என்ன உரிமை என்று கற்றுத்தரும் பாடம். ஒன்பது பேர் படிக்கிறார்கள். இந்த ஆண்டோடு மூடிவிடப் போகிறார்களாம். ஏன் என்று கேட்டால், நிர்வாகக் குழுவிலே ஒரு கனவான் எழுதியிருக்கிறார்: “நாற்று நடுகிறவன் பிள்ளைக்கும் மீன் பிடிக்கிறவன் பிள்ளைக்கும் வெளிநாட்டு விவகாரம் எதற்கு?”

எதற்கா? எதற்கு என்றா கேட்கிறீர்கள்? இங்கே எத்தனை வீட்டு அடுப்பு ரங்கூனை நம்பி எரிந்தது? எத்தனை வீட்டுப் பெண்கள் பினாங்குக் கடிதத்துக்காகத் தபால்காரரைப் பார்த்து நின்றார்கள்? எங்கோ ஒரு மாளிகையிலே ஒருவன் போடும் கையெழுத்து பரங்கிப்பேட்டைத் தெருவிலே வந்து இடியாக விழுகிறதே, அந்தக் கையெழுத்தைப் பற்றிப் படிக்க எங்கள் பிள்ளைக்கு உரிமை இல்லையா?

நடந்ததைச் சொல்கிறேன், கேளுங்கள்.

என்னோடு மூட்டை தூக்கும் ஹபிபுல்லாவை உங்களுக்குத் தெரியும். இருபது ஆண்டு ரங்கூனிலே துணிக்கடை வைத்திருந்தவர். அறுபத்து நான்கிலே கடையை பர்மா அரசாங்கம் எடுத்துக்கொண்டது. மனைவி சைதுன் பீவியின் கையைப் பிடித்துக்கொண்டு கப்பலேறி வந்துவிட்டார். அந்த அம்மா பர்மியத் தாய்தகப்பனுக்கு அங்கேயே பிறந்தவர். நிக்காஹ் செய்துகொண்டு, புதுப் பெயர் ஏற்று, நம்மூர்த் தமிழும் கற்றுக்கொண்டவர்.

போன மார்கழியிலே ஹபிபுல்லாவுக்கு இங்கிலீஷில் ஒரு காகிதம் வந்தது. முப்பது பேர் சுற்றி நின்றோம். முப்பது பேருக்கும் படிக்கத் தெரியவில்லை. அன்றைக்குப் பார்த்து மலர்க்கொடி வந்தது. கீரப்பாளையம் தில்லைநாதன் மகள். பர்மாவிலிருந்து திரும்பியவர்களைப் பார்த்துப் பேசி எழுதிவரச் சொன்னார்களாம் வகுப்பிலே. காகிதத்தை வாங்கிப் படித்த முகம் வாடிப்போயிற்று.

“அண்ணே, அக்காவை வெளிநாட்டுக்காரங்கன்னு எழுதியிருக்காங்க. இங்க தங்கறதுக்கு அனுமதி முடிஞ்சிபோச்சாம். இருபத்தோரு நாள்ல நாட்டை விட்டுப் போவணுமாம்.”

ஹபிபுல்லா அப்படியே மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். “எனக்காகப் பெத்தவங்களையே விட்டுட்டு வந்தவம்மா அவ. இனிமே எங்க போவா?”

அந்தப் பெண் அழவில்லை. கல்லூரி நூலகத்துக்குப் போய், குடியுரிமைச் சட்டத்தைத் தேடிப் படித்து, தானே மனு எழுதிக்கொண்டு வந்தது. ஹபிபுல்லா, சைதுன் பீவி, மலர்க்கொடி, நான் என்று நான்கு பேரும் கடலூரிலே ஓர் அலுவலகத்துக்குப் போனோம். குமாஸ்தா தலையை நிமிர்த்தவில்லை.

“அதான் எழுதி அனுப்பியாச்சே. கப்பல் ஏறச் சொல்லு.”

“எந்த நாட்டுக்கு, சார்?” என்று கேட்டது மலர்க்கொடி.

“பர்மாவுக்குத்தான்.”

“பர்மா ஏத்துக்கும்னு யாராச்சும் எழுதிக் குடுத்திருக்காங்களா?”

“அது எனக்குத் தெரியாது.”

“அப்ப நடுக்கடல்லயா சார் இறங்குவாங்க?”

கை தட்டுகிறீர்கள். அந்தக் குமாஸ்தா தட்டவில்லை! “நீ என்ன வக்கீலா?” என்றார்.

“இல்லீங்க. பி.ஏ. முதல் வருஷம். இந்தியக் குடிமகனைக் கட்டிக்கிட்டவங்க, பதிவு பண்ணிக்கிட்டுக் குடிமகள் ஆவலாம்னு சட்டத்துல இருக்கு. மனுவை வாங்கிக்குங்க.”

“என்ன பாடம் படிக்கிறே?”

“சர்வதேச உறவு.”

பக்கத்து மேசைக்காரரைப் பார்த்துச் சிரித்தார். “கேட்டியாய்யா! கீரப்பாளையத்துப் பொண்ணு ஐ.நா. சபைக்குப் போவப்போவுதாம்!”

அறையே சிரித்தது. அந்தப் பெண்ணின் காது சிவந்தது, கால் நகரவில்லை. நாங்களும் நின்றோம். மாலை ஐந்து மணிக்கு வீட்டுக்குப் புறப்பட்ட பெரிய அதிகாரி எங்களைப் பார்த்துவிட்டு, மனுவை வாங்கிப் படித்தார். குமாஸ்தாவைத் திரும்பிப் பார்த்தார். “இப்படி ஒரு வழி இருக்குன்னு இவங்ககிட்ட ஏன்யா சொல்லலே?” என்றார்.

வெளியேற்றும் உத்தரவு நின்றது. எட்டு மாதம் கழித்துப் பதிவுச் சான்றிதழ் வந்தது. அதோ, தாய்மார்கள் வரிசையிலே உட்கார்ந்திருக்கிறாரே, அவர்தான் இந்தியக் குடிமகள் சைதுன் பீவி!

அன்பர்களே, அந்தச் சட்டம் அதே அலுவலக அலமாரியிலேயே இருந்தது! சம்பளம் வாங்குகிறவர் வாயை மூடிக்கொண்டார்; சம்பளம் வாங்காத மாணவி வாயைத் திறந்தாள். அந்த வாயைத்தான் இப்போது மூடப்பார்க்கிறார்கள்!

என்ன தம்பி? இதைப் படித்தால் வேலை கிடைக்குமா என்கிறாயா? கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். மேடையிலே நின்று உன்னிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் ஒன்று: அன்று அந்த அறையிலே வேலை கிடைத்த பதினோரு பேர் இருந்தார்கள். படித்தவள் ஒருத்திதான் இருந்தாள்.

போன வாரம் தில்லைநாதன், வகுப்பை மூடவேண்டாம் என்று கேட்க, சேறு காயாத காலோடு அந்தக் கனவான் வீட்டுக்குப் போனார். “பொண்ணுக்குத் தையல் சொல்லிக்குடுமய்யா, போதும்” என்றாராம் கனவான்.

தில்லைநாதன் சொன்னார்: “தைப்பாளுங்க, நல்லாவே தைப்பா. ஆனா என்ன படிக்கணும்னு அவ சொல்லட்டும். நீங்க சொல்லாதீங்க.”

சொல்லிவிட்டுத் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்!

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சிதம்பரம் ரயிலடியிலே கூடுவோம். கல்லூரி வரைக்கும் நடப்போம். ஒரு கல் எறியமாட்டோம், ஒரு கண்ணாடி உடைக்கமாட்டோம். ஒன்பது பிள்ளைகளுக்கும் அந்த வகுப்பு நடக்கும் என்று எழுத்திலே தரும்வரை வாசலை விட்டு ஓரடி நகரவும் மாட்டோம்!

பொறுமையோடு கேட்ட செவிகளுக்கு நன்றி. திங்களன்று நடக்கப்போகும் கால்களுக்கு என் வணக்கம்!