ஒத்திகைக்கு ஒரு பனியன்

பனியன் ஊரில் பனியன் கொடுத்துக் கூட்டம் சேர்த்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன், இன்ஸ்பெக்டர் சார்.

எங்கள் சாயப்பட்டறையில் குளோரின் சிலிண்டர்கள் உண்டு. கசிந்தால் அக்கம்பக்கத்தார் என்ன செய்வது என்று திட்டம் போட ஒரு கமிட்டி. பட்டறை முதலாளி என்கிற ஒரே தகுதியில் நான் தலைவர். சங்கு ஊதியதும் பட்டறையை ஒட்டி வரிசையாக இருக்கும் லைன் வீட்டுக்காரர்கள் எங்கள் கேட்டுக்கு வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தேன். அங்கே நின்றால்தான் கம்பெனி போர்டு போட்டோவில் விழும். வெளிநாட்டு பையர்களுக்கு அந்தப் போட்டோ ரொம்பப் பிடிக்கும்.

பாதுகாப்பு அலுவலர் பூங்குழலி மட்டும் முகம் சுளித்தாள்.

"ஆடியில காத்து மேக்காலிருந்து அடிக்குமுங்க சார். கசிஞ்சா நேரா கேட்டுக்குத்தானுங்க வரும். கோயில் மேட்டுக்கு அனுப்பிரலாமுங்க."

படித்த பெண். கோயில் மேட்டில் எங்கள் போர்டு இல்லை என்பது மட்டும் அவளுக்கு உறைக்கவில்லை.

முதல் ஒத்திகைக்கு ஈ காக்கை வரவில்லை. அடுத்ததிலிருந்து, எக்ஸ்போர்ட்டில் கழித்துப் போட்ட பனியனை வரிசையில் நின்றவர்களுக்குக் கொடுத்தேன். அப்புறம் சங்குச் சத்தம் கேட்டால் அடுப்பைக்கூட அணைக்காமல் ஓடி வந்தார்கள். லைன் வீட்டு மருதாள்தான் எப்போதும் முதல் ஆள். "ஊட்டுக்காரருக்கு எக்ஸெல் எடுத்து வைங்க சாமி" என்பாள்.

போன ஆடியில் ஒரு சிலிண்டரின் வால்வு நிஜமாகவே உடைந்தது. சங்கு ஊதியது. வழக்கம்போல் எல்லோரும் கேட்டுக்கு வந்து நின்றார்கள். நான் மேற்குப்பக்க மாடியில் பையர்களோடு இருந்தேன். மஞ்சள் புகை ஷெட்டைத் தாண்டி கேட்டை நோக்கிப் போவது கண்ணாடி வழியே தெரிந்தது.

பூங்குழலி மைக்கை என் கையில் திணித்தாள். "மேட்டுக்கு ஓடச் சொல்லுங்க சார். நீங்க சொன்னாத்தானுங்க நகருவாங்க." அழுதுகொண்டே சொன்னாள்.

எனக்கும் பயமாகத்தான் இருந்தது, பையர் கைவிட்டுப் போய்விடுவாரோ என்று. ஓடச் சொன்னால் திட்டமே தப்பு என்று நானே ஒத்துக்கொண்டதாகும். அதுவும் விருந்தாளிகள் முன்னால்.

"ஒத்திகைதானுங்க. வரிசையைக் கலைக்காதீங்க, பனியன் வருது" என்றேன்.

மருதாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு இருமினாள். குனிந்தாள், உட்கார்ந்தாள். ஆனால் முதல் இடத்தை விடவில்லை. அவள் பின்னால் நின்றவர்களும் அப்படித்தான்.

தெரிந்தே நிறுத்தி வைத்துக் கொன்றேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரிதான், கையெழுத்துப் போடுகிறேன். ஒரே ஒரு வரி மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் நடத்தியதிலேயே கடைசிவரை வரிசை கலையாத ஒத்திகை அதுதான்.