கல்யாண வீட்டில் பிடிபட்ட ஆறு வைக்கோல் வேடங்கள் குறித்து

பெயர்: கிதியோன் ஹால்க்ரோ. வயது: அறுபத்திரண்டு, முழங்காலைக் கேட்டால் தொண்ணூறு சொல்லும். தொழில்: மீன்பிடி. இருப்பிடம்: ஷெட்லாந்து, ஹெல்மா தீவு, வடகரை. 1809 டிசம்பர் 14ஆம் தேதி நீதிவான் முன் சொன்னது.

கடற்படைக்கு ஆள் பிடிக்க வந்த லெப்டினன்டை ஏமாற்றியதாகக் குற்றம் சாட்டப்பட்டிருக்கும் ஓஸ்லா என் அண்ணன் மகள். பிரெஞ்சுக்காரரோடு சண்டை மூண்டதிலிருந்து எங்கள் தீவில் பதினேழு பேரைக் கட்டி இழுத்துப் போயிருக்கிறார்கள். மூன்று பேரைப் பற்றித்தான் கடிதம் வந்தது. மூன்றும் பாதிரியார் பெயருக்கு வந்த சாவுச் செய்திகள். நான்கு படகு போன கடலுக்கு இப்போது ஒன்றுதான் போகிறது. அதற்கு ஆறு துடுப்பு. ஆறாவது துடுப்புக்காரன் மான்ஸ். அவனும் போனால் படகு கரையில் கிடக்கும், தீவு பட்டினி கிடக்கும்.

இம்மாதம் 5ஆம் தேதி பகலில் மான்ஸுக்கும் ஓஸ்லாவுக்கும் கல்யாணம் முடிந்தது. அதன் பிறகு குன்றின் மேலிருந்து ஒரு சீழ்க்கை கேட்டது. அதன் பிறகு மாப்பிள்ளை உட்பட வாலிபர் பதினொரு பேரும் காணாமல் போன ஓர் ஆட்டைத் தேடப் பாறைப்பக்கம் போனார்கள். பெரிய ஆடாக இருக்க வேண்டும்.

அதன் பிறகு வழக்கப்படி வைக்கோல் வேடக்காரர்கள் ஆறு பேர் ஆட வந்தார்கள். தலை முதல் கால் வரை வைக்கோல், முகத்தில் துணி. வேடத்துக்குள் யார் என்று கேட்பது எங்கள் ஊரில் பெரும்பாவம்.

அதன் பிறகு லெப்டினன்ட் பன்னிரண்டு பேரோடு உள்ளே வந்தார். போன வருஷம் எங்கள் பையன்கள் பாவாடை கட்டித் தப்பித்ததால், முதலில் ஒவ்வொரு பெண்ணின் மோவாயையும் தூக்கிப் பார்த்தார். பிறகு வேடக்காரர்களைப் பார்த்துச் சிரித்தார்.

“ஓஹோ, ஆம்பளைங்கெல்லாம் இங்கதான் இருக்கீங்களா! தூக்குங்கடா!”

ஓஸ்லா ஓடிப்போய், இருப்பதிலேயே பெரிய வேடத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். “ஐயா, இத மட்டும் விட்டுருங்கய்யா, எனக்கு வேற நாதியில்ல!” என்று அழுதாள். அதைத்தான் ஏமாற்று என்கிறார்கள். அவள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை.

அந்தப் பெரிய வேடத்தை அவர்கள் படகில் ஏற்ற எட்டு மாலுமிகள் தேவைப்பட்டார்கள். படகு ஒருபக்கம் சாய, அந்தப் பக்கத்துக் கடல் இரண்டு அடி ஏறியதை நானே பார்த்தேன்.

அதன் பிறகு நடந்தது பிடிபட்டவர்கள் எனக்குச் சொன்னது. கப்பல் தளத்தில் கேப்டன் வைக்கோலை உருவச் சொன்னார். உள்ளே என் அண்ணி கிர்ஸி, ஓஸ்லாவின் தாய், ஐம்பத்தெட்டு வயது விதவை, இடுப்பில் செருகியிருந்த பின்னல் ஊசிகளோடு நின்றாள். மற்ற ஐந்தும் பெண்கள்தான். இருநூறு மாலுமிகள் சிரித்த சிரிப்பில் கப்பல் பாய் புடைத்ததாம்.

அண்ணி லெப்டினன்டிடம், “என்ன தம்பி, சேர்த்துக்கிட்டாச்சுல்ல? சாப்பாடு எப்போ?” என்று கேட்டிருக்கிறாள். அதன் பிறகு தளத்தில் கிடந்த ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து காலுறை பின்னத் தொடங்கினாள். விட்டுவிடுகிறோம் என்றாலும் இறங்கவில்லை. “எங்க ஊர்ல பதினேழு பேர் இப்படித்தான் ஏறுனாங்க. அவங்கள யாரும் எறங்கச் சொல்லலியே,” என்றாளாம். அதற்குக் கப்பலில் ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் காலை கேப்டன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தாமே அவர்களைக் கரைவரை கொண்டுவந்து விட்டார். நெல்சன் பிரபுவுக்கும் அந்த மரியாதை கிடைத்திருக்குமா, எனக்குச் சந்தேகம்.

மான்ஸ் இப்போது எங்கே என்று கேட்டதற்கு: எனக்குத் தெரியாது. கப்பல் போனபின் எங்கள் படகு கடலுக்குப் போனதைக் கண்டேன். துடுப்புப் போட்டவர்கள் எல்லாரும் வைக்கோல் வேடத்தில் இருந்தார்கள். வேடத்துக்குள் யார் என்று நான் கேட்கவில்லை. துடுப்புகளை மட்டும் எண்ணினேன். ஆறு.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். கடல் ஏறியது ஒன்றரை அடியாகவும் இருக்கலாம்; மற்றதெல்லாம் சத்தியம்.

(ஒப்பம்) கிதியோன் ஹால்க்ரோ