மூஞ்சூறு செத்த வீடு

எனக்கு எழுபத்திநாலு வயசு. நாலு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினவள். ஆனேக்கல் பஸ்சில் என் முன் சீட்டில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டு வந்ததைக் கேட்டபடியே எழுதுகிறேன்.

"கரப்பான் செத்தா கூட்டித் தள்ளிடலாம்க்கா. மூஞ்சூறு செத்தா தெருவுக்கே தெரிஞ்சிடும்," என்றாள் இளையவள்.

"மூஞ்சூறை எதுக்குடி கொன்ன? பிள்ளையார் வாகனமாச்சே."

"நான் கொல்லலக்கா. என் பொண்ணைப் பார்க்க வர்றாங்கன்னு கரப்பானுக்குத்தான் மருந்து வெச்சேன். செத்த கரப்பானைத் தின்னுட்டு இது பீரோவுக்கு அடியில போய்ச் செத்திருக்கு. மாப்பிள்ளை வீட்டார் உட்கார்ந்ததும் நாத்தம் குப்புனு வருது."

"அடப்பாவமே. என்ன சொல்லிச் சமாளிச்ச?"

"பக்கத்து வீட்டுலேர்ந்து வருதுன்னுட்டேன்."

"சொன்னா என்ன? அந்த வீட்டுக்காரங்க காதுல விழவா போகுது?"

"அந்தப் பக்கத்து வீட்டம்மாவே எனக்கு ஒத்தாசையா என் சமையல்கட்டுலதான் கேசரி கிண்டிட்டிருந்தாங்க."

பெரியவள் அவள் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"வெளிய வந்து, 'ஆமாங்க, எங்க வீடுதான், மன்னிச்சுக்கோங்க'ன்னாங்க. அப்புறம் அவங்க கையால கொடுத்த கேசரியை மாப்பிள்ளையோட அம்மா தொடவே இல்ல."

"கல்யாணம் என்னாச்சு?"

"பொண்ணு பிடிச்சிருக்குன்னு சொல்லி அனுப்பிட்டாங்க."

"அதையாவது அந்தம்மாகிட்ட போய்ச் சொன்னியா?"

"எந்த மூஞ்சியோட போறது? அவங்க கதவு திறக்கிற சத்தம் கேட்டா உள்ளயே நின்னுக்கறேன். அவங்க போனப்புறம்தான் வெளிய வர்றேன்."

அடுத்த ஸ்டாப்பில் இரண்டு பேரும் இறங்கிவிட்டார்கள்.

கண்ணு, பாட்டிகிட்ட வா. நான் எழுதினதை ஒருதரம் படிச்சுக் காட்டு. சத்தமா வேணாம், பக்கத்து வீட்டுக்குக் கேட்கும், மெதுவாவே படி.