மாமா வயிற்றில் புதுக் குழாய்

ஒரகடம் கம்பெனி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் சீருடையோடு இருவர்.

"எங்க மாமா வயித்துல புதுசா பைப் மாட்டிக்கீறாங்க" என்றான் ஜன்னலோரம் இருந்தவன்.

"என்னலே சொல்லுத?" என்றான் பக்கத்திலிருந்த திருநெல்வேலிக்காரன்.

"வயித்துவலி, கேஸுன்னு சோடா குடிச்சாரு. அப்டியே சாஞ்சிட்டாரு. ஆஸ்பத்திரில பார்த்தா, உள்ள பெரிய ரத்தக்குழாய் வீங்கி வெடிச்சிருக்கு. அந்த எடத்துல பைப் வெக்கணும்னு உடனே ஆபரேஷன். பொழைக்கறது கஷ்டம்னுட்டாங்க. அத்தை கத்துன கத்துல செக்யூரிட்டியே ஓடியாந்துட்டான்."

"பொழைச்சிட்டாரால?"

"பொழைச்சிட்டாரு. நல்லா பேச ஆரம்பிச்சதும், 'இனிமே பீடியத் தொடாதீங்க'ன்னாரு டாக்டர். மாமா அத்தையப் பார்த்துகினே, 'எனக்கு அந்தப் பழக்கமே இல்ல சார்'னாரு."

"அத்தை?"

"'யோவ், உன் வயித்தையே தொறந்து பார்த்த மனுஷன்கிட்டயா பொய் சொல்ற?'ன்னுச்சு."